உலகக் குற்றமும் அதன் கட்டுப்பாடும்: முதுகலை நிலையில் ஒரு துறை

பொருளும் எல்லையும்

ஒரு நாட்டில் திட்டமிடப்பட்டு, இன்னொரு நாட்டில் நடத்தப்பட்டு, மூன்றாம் நாட்டில் பணமாக்கப்படும் குற்றங்களையும், அவற்றைத் தடுக்க அரசுகள் கூடிச் செய்யும் ஏற்பாடுகளையும் ஆராய்வது உலகக் குற்றவியல். போதைப்பொருள் வணிகம், ஆள்கடத்தல், ஆயுதக் கடத்தல், கருப்புப் பணத்தை வெள்ளையாக்குதல், இணையவழி மோசடி, கடற்கொள்ளை, சிலைத் திருட்டு, காட்டுயிர்க் கடத்தல் ஆகியவை இதன் வழக்கமான பாடப்பொருள்கள். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது முதுகலைப் படிப்பின் ஒரு தாளாகவோ தனிப் பட்டமாகவோ இன்று இடம்பெற்றிருக்கிறது.

இத்துறைக்குள் நுழையும் மாணவர் முதலில் இரண்டு வகைகளைப் பிரித்தறியக் கற்கிறார். இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்பு ஆகிய நான்கும் பன்னாட்டுக் குற்றங்கள். இவற்றைக் குற்றமாக்குவது பன்னாட்டுச் சட்டமே. இவற்றை விசாரிக்கப் பன்னாட்டு நீதிமன்றமும் உண்டு. மற்றவை நாடுகடந்த குற்றங்கள். இவற்றில் உடன்படிக்கை செய்வதெல்லாம், இன்னின்ன செயல்களைக் குற்றமாக்குங்கள் என்று அரசுகளுக்குக் கடமை விதிப்பதுதான். சட்டம் இயற்றுவதும் வழக்கு நடத்துவதும் தண்டிப்பதும் அந்தந்த நாட்டின் பொறுப்பு. குற்றம் எல்லை கடந்தாலும் காவலரின் அதிகாரம் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. இத்துறையின் பெரும்பாலான சிக்கல்களுக்கு இந்த இடைவெளியே மூலம்.

இரண்டு வகையிலும் அடங்காத கேடுகளும் உள்ளன. 1984 டிசம்பர் 2, 3 இரவில் போபாலில் கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஆலையின் தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தது. இழப்பீட்டு வழக்கை 1986இல் அமெரிக்க நீதிமன்றம் இந்தியாவுக்கே திருப்பியது. 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2010இல் தண்டிக்கப்பட்டவர்கள் இந்திய அதிகாரிகள் மட்டுமே; தாய் நிறுவனத்தின் தலைவர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்படாமலேயே 2014இல் இறந்தார். எல்லை கடந்த இத்தகைய கேடு 'நாடுகடந்த குற்றம்' என்னும் அலுவல்முறைப் பட்டியலில் ஏன் எளிதில் இடம்பெறுவதில்லை? பட்டியலை யார் வகுக்கிறார்கள்? இவை இத்துறையின் ஓரக் கேள்விகள் அல்ல, மையக் கேள்விகள்.

துறை வளர்ந்த வழி

நவீனக் குற்றவியலின் தொடக்க நூல்கள் எல்லாம் ஒரே நாட்டு எல்லைக்குள் சிந்தித்தவை. 1764இல் பெக்காரியா தண்டனையின் நியாயத்தையும் அளவையும் ஆராய்ந்தார். 1876இல் லொம்ப்ரோசோ குற்றவாளியின் உடலில் குற்றத்தின் காரணத்தைத் தேடினார். பின்வந்தோர் உடலை விட்டு நகரத்தையும் வறுமையையும் சேர்க்கையையும் ஆராய்ந்தபோதும், அளவுகோலாக இருந்தது ஒரு நாட்டின் சட்டமும் அந்நாட்டுக் காவல்துறையின் புள்ளிவிவரமும்தான்.

இந்தப் போக்கில் முதல் பெரிய உடைப்பை ஏற்படுத்தியவர் எட்வின் சதர்லண்ட். 1939இல் அமெரிக்கச் சமூகவியல் கழகத்தின் தலைமையுரையில், மதிப்புள்ள பதவியில் இருப்போர் தம் தொழிலின் வழியே செய்யும் குற்றங்களை அவர் முன்வைத்தார். அதன் விரிவான நூல் 1949இல் வந்தபோது, வழக்குக்கு அஞ்சிய பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் செய்தது. முழு வடிவம் 1983இல்தான் வெளியானது. சட்டம் இயற்றப்படுவது, மீறப்படுவது, மீறலுக்குச் சமூகம் எதிர்வினை ஆற்றுவது என மூன்றையும் குற்றவியல் ஆராய வேண்டும் என்ற அவருடைய வரையறையே, குற்றத்தையும் கட்டுப்பாட்டையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் இன்றைய முறைக்கு அடித்தளம்.

நிறுவன அளவில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1959இல் லியோன் ராட்ஸினோவிச் தலைமையில் குற்றவியல் நிறுவனம் உருவானது. இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகத்தின் குற்றவியல், தடய அறிவியல் துறையும் அதே ஆண்டைச் சேர்ந்தது. இத்துறைக்கும் அரசுக்கும் உள்ள உறவு எப்போதும் இணக்கமாக இருந்ததில்லை. காவலர் பயிற்சியோடு தொடங்கி, பின்னர் அரசையே கேள்வி கேட்கும் இடமாக மாறிய பெர்க்லி குற்றவியல் பள்ளி 1976இல் மூடப்பட்டது.

பனிப்போர் முடிந்தபின் எல்லைகள் திறந்தன. சரக்குப் பெட்டகங்களும் பணமும் தகவலும் வேகமாக நகர்ந்தன. மானுவல் காஸ்டெல்ஸ் 1998இல் எழுதிய நூலொன்றில், உலகக் குற்றப் பொருளாதாரம் புதிய முதலாளித்துவத்தின் ஓர் அங்கமாகவே உருவாகியிருப்பதாக வாதிட்டார். அரசியல், பொருளியல், சட்டம், மானிடவியல் என நான்கு துறைகளின் கருவிகளும் குற்றவியலுக்குள் வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

அமைப்பா, சந்தையா, வலைப்பின்னலா?

திட்டமிட்ட குற்றக் கும்பல் என்பது எத்தகைய அமைப்பு என்ற விவாதமே கோட்பாட்டுத் தாள்களில் முதலில் வருவது. டொனால்டு கிரெசி 1969இல், அமெரிக்க மாஃபியா நாடு முழுதும் பரவிய, மேலிருந்து கீழாக அதிகாரம் பாயும் ஒரே அமைப்பு என்று விவரித்தார். பீட்டர் ராய்ட்டர் நியூயார்க்கின் சூதாட்டத்தையும் கந்துவட்டியையும் ஆராய்ந்து 1983இல் வந்த முடிவு இதற்கு நேர்மாறானது. சட்டத்துக்குப் புறம்பான சந்தையில் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தால் நிறைவேற்ற முடியாது; விளம்பரம் செய்ய முடியாது; வங்கிக் கடன் கிடைக்காது. ஆகவே அங்கே பெரிய நிறுவனம் நிலைப்பது அரிது, சிறு குழுக்களே போட்டியிடுகின்றன என்றார் அவர்.

தியேகோ கம்பெத்தா 1993இல் சிசிலிய மாஃபியாவைப் பாதுகாப்பு விற்கும் தொழிலாக விளக்கினார். அரசின் நீதி எட்டாத இடத்தில், வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் நம்பாதபோது, நடுவில் உத்தரவாதம் தருபவரே மாஃபியா. அப்படியானால் இத்தொழில் வேறு நாட்டுக்குப் பெயருமா? ஃபெதரிகோ வரேஸே 2011இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வின்படி, மாஃபியாக்கள் திட்டமிட்டுக் கிளை பரப்புவது குறைவு. நீதிமன்ற உத்தரவாலோ உட்பூசலாலோ இடம்பெயர நேர்ந்தவர்கள், புதிதாக வளரும் சந்தையை அரசு ஒழுங்குபடுத்தத் தவறிய இடங்களில் மட்டுமே வேரூன்றினர். உலகெங்கும் கை நீட்டும் ஒற்றைப் பேரமைப்பு என்ற பொதுப் படிமத்தை இந்த ஆய்வுகள் பெரிதும் தளர்த்திவிட்டன.

எல்லை ஏன் லாபம் தருகிறது என்பதை விளக்க நிக்கோஸ் பாஸ்ஸாஸ் முன்வைத்த கருத்து பயனுள்ளது: நாடுகளுக்கிடையே சட்டத்திலும் விலையிலும் வாழ்க்கை நிலையிலும் உள்ள ஏற்றத்தாழ்வே குற்றத்தைப் பிறப்பிக்கிறது. பாக் நீரிணை இதற்கு நல்ல சான்று. இந்தியாவில் கடல் அட்டைகள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சில மணி நேரப் படகுப் பயணத்தில் எட்டும் இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். அங்கிருந்து கிழக்காசியச் சந்தைகளுக்கு ஏற்றுமதியும் செய்யலாம். இராமநாதபுரம் கரையில் தடை செய்யப்பட்ட சரக்கு மறுகரையில் சட்டபூர்வச் சரக்கோடு கலந்துவிட முடிகிறது. கடத்தலுக்கான ஊக்கம் இந்தச் சட்ட வேறுபாட்டிலேயே இருக்கிறது. தடையால் பிழைப்பிழந்த முக்குளிப்போரும் மீனவரும் ஒருபுறம், அழியும் உயிரினம் மறுபுறம் என நிற்கும்போது, இது காவல் சிக்கல் மட்டுமன்று என்பதும் புலப்படும். சுற்றுச்சூழல் கேட்டை ஆராயும் பசுமைக் குற்றவியல் இத்தகைய இடங்களில்தான் தன் கேள்விகளைக் கண்டெடுக்கிறது.

இணையக் குற்றம் பழைய வகைப்பாடுகளையே குலைத்திருக்கிறது. மியான்மரின் மியாவாடி பகுதியிலும் கம்போடியாவிலும் இயங்கும் மோசடி வளாகங்கள், கணினி வேலை என்று சொல்லிப் பல நாட்டு இளைஞர்களை வரவழைத்து, கடவுச்சீட்டைப் பறித்து, அடித்துத் துன்புறுத்தி, பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்விக்கின்றன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் குறிப்பிட்டது. 2022இல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். மோசடி அழைப்பைச் செய்தவரே ஆள்கடத்தலுக்கு இரையானவர் என்னும்போது, குற்றவாளி, பாதிக்கப்பட்டவர் என்ற இருமை நிற்பதில்லை. கட்டாயத்தால் செய்த குற்றத்துக்குத் தண்டனை கூடாது என்ற கொள்கையை எங்கே, எந்த அளவுக்குப் பொருத்துவது என்பது இன்று தீராத சட்டக் கேள்வி.

கட்டுப்பாட்டின் கட்டமைப்பு

போதைப்பொருள் கட்டுப்பாடே இக்கட்டமைப்பின் மூத்த கிளை. 1909இல் ஷாங்காயில் கூடிய அபின் ஆணையமும் 1912இல் ஹேக்கில் கையெழுத்தான உடன்படிக்கையும் அதன் தொடக்கம். 1961, 1971, 1988ஆம் ஆண்டுகளின் மூன்று ஐ.நா. உடன்படிக்கைகள் இன்றைய சட்டகத்தை அமைத்தன. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதன் உள்நாட்டு வடிவம்.

நாடுகடந்த திட்டமிட்ட குற்றத்துக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 2000 நவம்பரில் ஏற்கப்பட்டு, அடுத்த மாதம் சிசிலியின் பலேர்மோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. மாஃபியா வழக்குகளை நடத்திய நீதிபதிகள் ஃபால்கோனேயும் போர்செல்லினோவும் 1992இல் குண்டுவைத்துக் கொல்லப்பட்டது அந்நகரத்திலும் அதன் அருகிலும்தான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து, சிறிது காலம் நீடித்து, ஆதாயத்துக்காகக் கடுங்குற்றம் செய்வதையே இந்த உடன்படிக்கை திட்டமிட்ட குற்றக் குழு என்கிறது. உச்ச தண்டனை நான்கு ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் அது கடுங்குற்றம். வரையறை இவ்வளவு அகலமாக இருப்பது ஒத்துழைப்பை எளிதாக்குகிறது. அதே அகலம் சிறு குழுக்களையும் பெருங்கும்பல்களையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. ஆள்கடத்தல், குடியேறிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டுசெல்லுதல், துப்பாக்கிகள் ஆகியவற்றுக்குத் துணை ஒப்பந்தங்கள் உண்டு. 2003ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை இதன் தொடர்ச்சி. இவ்விரண்டையும் இந்தியா 2011இல் உறுதிப்படுத்தியது. இணையக் குற்றத்துக்கு ஐரோப்பிய அவையின் 2001ஆம் ஆண்டு புடாபெஸ்ட் உடன்படிக்கை நெடுநாள் முன்மாதிரியாக இருந்தது. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தனி உடன்படிக்கையை ஏற்றது.

பணத்தின் பாதையை அடைக்கும் பொறுப்பு, ஏழு தொழில்வள நாடுகள் 1989இல் அமைத்த நிதி நடவடிக்கைப் பணிக்குழுவினுடையது. 1990இல் அது வெளியிட்ட 40 பரிந்துரைகள் உடன்படிக்கை அல்ல; ஆனாலும் அவற்றை மீறும் நாடு 'சாம்பல் பட்டியலில்' சேர்க்கப்பட்டால் அதன் வங்கித் தொடர்புகள் இறுகும். இலங்கை 2017 முதல் 2019 வரையும், பாகிஸ்தான் 2018 முதல் 2022 வரையும் அப்பட்டியலில் இருந்தன. கையெழுத்திடாத விதி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைவிட வலுவாக வேலை செய்வது, பன்னாட்டு ஆட்சிமுறை பற்றிய வகுப்புகளில் நன்கு அலசப்படும் புதிர்.

காவல் ஒத்துழைப்பில் இன்டர்போல் பற்றிய தவறான எண்ணங்கள் பல. 1923இல் வியன்னாவில் தொடங்கி இன்று பிரான்சின் லியோனில் இயங்கும் அந்த அமைப்பில் 196 நாடுகள் உறுப்பினர்கள். அதற்குக் கைதுசெய்யும் அதிகாரம் கிடையாது. தேடப்படுவோரைப் பற்றி அது அனுப்பும் ரெட் நோட்டீஸ் பிடியாணையும் அன்று. அதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவுசெய்யும். அரசியல், இராணுவ, மத, இனத் தன்மையுள்ள விவகாரங்களில் தலையிட அதன் சாசனத்தின் 3ஆம் பிரிவு தடை விதிக்கிறது. இருந்தும் மாற்றுக் கருத்தாளர்களைத் துரத்தச் சில அரசுகள் அந்த நோட்டீஸைப் பயன்படுத்துவதாக நெடுங்காலக் குற்றச்சாட்டு உள்ளது.

தப்பியோடியவரை ஒப்படைப்பதில் இரண்டு நெறிகள் முக்கியம். செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. எந்தக் குற்றத்துக்காக, எந்த நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டாரோ அதற்கு மேல் போகக் கூடாது என்பது இன்னொன்று. 2005இல் போர்ச்சுகல், தேடப்பட்டுவந்த அபு சலேமை ஒப்படைப்பதற்கு முன், மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறையோ கிடையாது என்று இந்தியா வாக்குறுதி தந்திருந்தது. இந்திய நீதிமன்றம் பின்னர் ஆயுள் தண்டனை விதித்தாலும், அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

கடலில் இந்த அதிகாரக் கேள்வி மேலும் சிக்கலாகும். சோமாலியக் கடற்கொள்ளைக்குப் பின் வணிகக் கப்பல்களுக்குத் தனியார் ஆயுதக் காவல் பரவியது. அத்தகைய காவலர்களை ஏற்றியிருந்த சீமேன் கார்டு ஒஹையோ என்ற கப்பல் 2013 அக்டோபரில் தமிழகக் கடற்பகுதியில் பிடிக்கப்பட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. அதிலிருந்த 35 பேருக்கும் 2016 ஜனவரியில் கீழ்நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. கப்பலின் கொடி ஒரு நாடு, உரிமை இன்னொரு நாடு, பணியாளர்கள் பல நாட்டினர், சட்டம் இந்தியச் சட்டம் என அமைந்த இவ்வழக்கு கடல்சார் குற்றப் பாடத்துக்கு ஏற்ற பயிற்சி.

பன்னாட்டுக் குற்றங்களுக்கு நியூரம்பர்க் விசாரணை முன்னோடி. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கு 1993இலும் ருவாண்டாவுக்கு 1994இலும் தனித் தீர்ப்பாயங்கள் அமைந்தன. 1998இல் ரோமில் ஏற்கப்பட்ட சட்டத்தின்படி 2002இல் நிலையான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிறந்தது. அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இந்தியா ஆகியவை அதில் உறுப்பினர் அல்ல. விசாரணைக்கு உள்ளாகும் நாட்டினர் யார், அதன் கை எட்டாத நாட்டினர் யார் என்ற கேள்வியிலிருந்து இந்நீதிமன்றத்தைப் பற்றிய எந்தப் பாடமும் தப்ப முடியாது.

கட்டுப்பாடு விளைவிக்கும் குற்றம்

கட்டுப்பாட்டை வெறும் மருந்தாகக் கொள்ளாமல், அதையும் காரணிகளில் ஒன்றாக ஆராய்வதே இளங்கலையிலிருந்து முதுகலையைப் பிரிக்கும் கோடு. போதைப்பொருள் ஒழிப்பில் ஓரிடத்தை அழுத்தினால் உற்பத்தி இன்னோரிடத்தில் புடைப்பதைப் 'பலூன் விளைவு' என்பர். 1990களில் பெருவிலும் பொலிவியாவிலும் கோக்கா சாகுபடி சுருங்கியபோது கொலம்பியாவில் விரிந்தது. ஆப்கானிஸ்தானில் தாலிபான் 2022இல் விதித்த தடையால், 2023இல் அபின் பாப்பிச் சாகுபடி 2,33,000 ஹெக்டேரிலிருந்து 10,800 ஹெக்டேராகச் சரிந்தது; அதே ஆண்டில் மியான்மர் உலகின் மிகப் பெரிய அபின் உற்பத்தி நாடானது. தடையின் எதிர்பாரா விளைவுகளாகக் கள்ளச்சந்தையையும் இந்த இடப்பெயர்வையும் ஐ.நா. போதைப்பொருள், குற்ற அலுவலகமே 2008இல் பட்டியலிட்டது.

குடியேற்றக் கட்டுப்பாட்டிலும் இதே நிலை. 1990களின் நடுவில் அமெரிக்கா மெக்சிகோ எல்லையை இறுக்கியபின், மக்கள் பாலைவனப் பாதைகளுக்குத் தள்ளப்பட்டனர்; கடத்துவோரின் கட்டணம் உயர்ந்தது. குற்றவியல் சட்டமும் குடியேற்றச் சட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதை ஜூலியட் ஸ்டம்ப் 2006இல் கோட்பாடாக்கினார். 2010 ஆகஸ்டில் 492 இலங்கைத் தமிழர்களோடு சன் சீ கப்பல் கனடாவை அடைந்தபோது இக்கேள்வி நீதிமன்றம் ஏறியது. பயணத்தில் சமைத்தும் காவல் நின்றும் உதவியவர்கள் 'குடியேறிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டுசெல்வோர்' ஆவார்களா? ஆதாய நோக்கமின்றி அகதிகள் கூட்டாகத் தப்பும்போது ஒருவருக்கொருவர் செய்யும் உதவி அக்குற்றத்தில் அடங்காது என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பலேர்மோ உடன்படிக்கையின் துணை ஒப்பந்தத்தில் உள்ள ஆதாயம் என்ற கூறு அத்தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றது.

பணப் பாதையைக் கண்காணிப்பதற்கும் விலை உண்டு. அபராதத்துக்கு அஞ்சும் வங்கிகள் ஏழை நாடுகளின் பணமாற்று நிறுவனங்களோடும் தொண்டு அமைப்புகளோடும் உறவைத் துண்டிக்கின்றன. முறையான வழி அடைபடும்போது பணம் உண்டியல், ஹவாலா வழிகளை நாடுகிறது. கண்காணிப்பின் நோக்கமே அங்கே தோற்கிறது.

எண்களை நம்புவது எப்படி?

சட்டவிரோதச் சந்தை தன் கணக்கை வெளியிடுவதில்லை. பிடிபட்ட சரக்கின் அளவு, கடத்தலின் அளவைக் காட்டுகிறதா, காவல்துறையின் சுறுசுறுப்பைக் காட்டுகிறதா என்று சொல்ல முடியாது. ஆள்கடத்தலின் வரையறை நாட்டுக்கு நாடு மாறுவதால் எண்ணிக்கைகளை ஒப்பிடுவதும் கடினம். ஓரளவு நம்பகமாக ஒப்பிடக்கூடியது கொலை. 2021இல் உலகில் சுமார் 4,58,000 பேர் கொலையுண்டதாக ஐ.நா. அலுவலகம் கணக்கிட்டது. மற்ற குற்றங்களின் வரையறைகளைப் பொதுமைப்படுத்தப் புள்ளிவிவரக் குற்ற வகைப்பாடு ஒன்று 2015இல் ஐ.நா. அமைப்பில் ஏற்கப்பட்டது.

உலகில் வெள்ளையாக்கப்படும் பணம் மொத்த உற்பத்தியில் 2 முதல் 5 விழுக்காடு என்று 1998இல் பன்னாட்டு நிதியத்தின் தலைவர் சொன்னார். 2009ஆம் ஆண்டுக்கு இதை 2.7 விழுக்காடு, அதாவது சுமார் 1.6 இலட்சம் கோடி டாலர் என்று ஐ.நா. அலுவலகம் 2011இல் மதிப்பிட்டது. அதில் ஒரு விழுக்காடுகூடப் பறிமுதலாகவில்லை. இந்த மதிப்பீடுகள் பழைய ஆய்வுகளைக் கூட்டிப் பெருக்கி வந்தவை. ஆனால் மேற்கோளாக ஓர் அறிக்கையிலிருந்து இன்னோர் அறிக்கைக்குப் போகும்போது எச்சரிக்கைகள் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சுகிறது. ஓர் எண் எங்கே பிறந்தது, யாருடைய நிதி ஒதுக்கீட்டுக்கு அது உதவியது என்று பின்னோக்கித் தேடும் பயிற்சி, நல்ல முதுகலைத் திட்டங்களில் ஆய்வுமுறைத் தாளின் ஒரு பகுதி.

ஆய்வு முறைகளும் ஆய்வு அறமும்

நீதிமன்ற ஆவணங்கள், சிறை நேர்காணல்கள், ஒட்டுக்கேட்புப் பதிவுகளின் எழுத்து வடிவம், சுங்கத் தரவு, கள ஆய்வு, உறவு வலைப்பின்னல் பகுப்பாய்வு ஆகியவை மூலங்களும் முறைகளும். நீதிமன்ற ஆவணத்தில் பிடிபட்டவர் மட்டுமே இருப்பார். சிறையில் பேசுபவர் தோற்றுப்போன குற்றவாளி. ஒவ்வொரு மூலத்துக்கும் உரிய சாய்வை ஈடுகட்ட இரண்டு மூன்று முறைகளை இணைப்பது வழக்கம்.

அறக்குழுவின் ஒப்புதலின்றி மனிதர்களிடம் தகவல் திரட்ட முடியாது. இரகசியம் காப்பதாக ஆய்வாளர் தரும் வாக்குறுதிக்குச் சட்டத்தின் முன் எல்லை உண்டு. வட அயர்லாந்துப் போராளிகளின் நினைவுகளைப் பாஸ்டன் கல்லூரி பதிவுசெய்த திட்டத்தில், பேசியவர் இறக்கும்வரை பதிவு வெளிவராது என்று உறுதி தரப்பட்டது. 2011 முதல் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கோரிக்கைப்படி அமெரிக்க நீதிமன்ற ஆணைகள் வந்தன. பதிவுகள் சில காவல்துறையின் கைக்குப் போயின. குற்ற விசாரணையில் நாடுகள் ஒத்துழைக்க ஏற்பட்ட ஒப்பந்தமே ஆய்வுப் பெட்டியைத் திறந்த சாவி. எதைக் கேட்கக் கூடாது என்பதையும் ஆய்வுத் திட்டத்திலேயே முடிவுசெய்ய வேண்டும் என்பது இதன் படிப்பினை.

ஒரு வழக்கு: ஸ்ரீபுரந்தான் நடராஜர்

கோட்பாடும் சட்டமும் சான்றும் ஒன்றுகூடும் இடத்தைக் காட்ட, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் சோழர்காலச் செப்புத்திருமேனி பொருத்தமானது. பூசை நின்ற கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்த நடராஜரை, நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் பல இலட்சம் டாலருக்கு வாங்கியது. சிலை பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாகப் போலி ஆவணங்கள் காட்டப்பட்டன. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970ஆம் ஆண்டினது, இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972ஆம் ஆண்டினது என்பதால், அந்தத் தேதிகளுக்கு முந்தைய வரலாறு ஒன்றைக் கற்பிப்பது சந்தையின் தேவை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில்களில் எடுத்து வைத்திருந்த பழைய ஒளிப்படங்கள் அந்தப் பொய்யை உடைத்தன. கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். நியூயார்க்கிலும் அவருடைய கிடங்குகளில் சோதனை நடந்தது. சிலை 2014இல் திரும்பியது. அரியலூர் மாவட்டக் கோயில் சிலைகளின் திருட்டு தொடர்பான வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

சைமன் மெக்கன்ஸியும் டெஸ் டேவிஸும் கம்போடியக் கோயில் கொள்ளையை ஆராய்ந்து 2014இல் விவரித்த வலைப்பின்னலில், ஒரு முகம் கள்ளச்சந்தையையும் மறுமுகம் கலைச்சந்தையையும் நோக்கும் இடைத்தரகரே முக்கிய கண்ணி. அவர் கையில் திருட்டுப்பொருள் 'சேகரிப்பு' ஆகிறது. ஸ்ரீபுரந்தானும் அந்த வடிவத்துக்குப் பொருந்துகிறது. ஊரில் கைதான திருடருக்குக் கிடைத்த கூலிக்கும் கலைக்கூடம் கொடுத்த விலைக்கும் உள்ள தூரம், தண்டனை எந்தப் படியில் விழ வேண்டும் என்ற கேள்வியை எழுப்புகிறது. வாங்குவோரின் விசாரிப்புக் கடமையை இறுக்குவதா, கோயிலின் காவலை இறுக்குவதா என்ற கொள்கைத் தேர்வும் இங்கிருந்தே தொடங்கும்.

படிப்பின் அமைப்பு

பிரிட்டனில் இத்தகைய முதுகலை பெரும்பாலும் ஓராண்டு. 180 மதிப்பலகுகளில் வழக்கமாக 60 ஆய்வேட்டுக்கு உரியவை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி உலகக் குற்றம், நீதி, பாதுகாப்பு மூன்றையும் இணைத்துப் பட்டம் வழங்கியிருக்கிறது. இத்தாலியின் டூரினில் உள்ள ஐ.நா. குற்ற, நீதி ஆய்வு நிறுவனம் நாடுகடந்த குற்றம் குறித்த சட்ட முதுகலையைப் பிற நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திவருகிறது. சட்டப் பள்ளியில் நடக்கும் படிப்பு உடன்படிக்கைகளுக்கும், சமூகவியல் துறையில் நடப்பது கோட்பாட்டுக்கும் களத்துக்கும், காவல் கல்லூரியில் நடப்பது புலனாய்வுக்கும் கூடுதல் இடம் தருவது இயல்பு. எந்தத் துறையின் கூரையில் படிப்பு நடக்கிறது என்பதைப் பட்டத்தின் பெயரைவிட மாணவர் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் முதுகலை வழக்கமாக இரண்டாண்டு, நான்கு பருவங்கள். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் குற்றவியலில் முதுகலைப் பட்டம் வழங்குகின்றன. குற்றத்துக்கு இரையானோரை ஆராயும் கிளைக்கு இந்தியாவில் வேர் பிடிக்கச் செய்ததில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. இணையக் குற்றவியலுக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று 2007இல் கே. ஜெய்சங்கரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. நேர்வெளியிலிருந்து இணையவெளிக்கு நகரும் மனிதரின் நடத்தை மாறுவதை விளக்கும் அவருடைய கோட்பாடு 2008இல் வெளியாகி, பிற நாட்டு ஆய்வுகளிலும் சோதிக்கப்படுகிறது.

படித்து வெளியேறுவோர் வங்கிகளின் பண மோசடித் தடுப்புப் பிரிவு, காவல், சுங்கம், தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், இதழியல், ஆய்வு ஆகியவற்றுக்குச் செல்கின்றனர். எண்ணிக்கையில் பெருகிவருபவை நிதி நிறுவன வேலைகள். கட்டுப்பாட்டு விதிகள் பெருகப் பெருக அவற்றைக் கடைப்பிடிக்க ஆட்கள் தேவைப்படுவதே காரணம்.

தீராத விவாதங்கள்

கோட்பாடுகளில் பெரும்பாலானவை சிகாகோ, நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களின் அனுபவத்தில் பிறந்தவை. கெர்ரி கேரிங்டன், ரஸ்ஸல் ஹாக், மாக்சிமோ சோஸோ ஆகியோர் 2016இல் முன்வைத்த 'தென்னகக் குற்றவியல்', காலனிய ஆட்சியும் உள்நாட்டுப் போரும் கிராமப்புறமும் பழைய கோட்பாடுகளில் விடுபட்டதைச் சுட்டியது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவுசெய்த இந்தியாவில், யார் குற்றவாளி என்று அரசு வகுப்பதை ஆராய நீண்ட சான்று வரிசை இருக்கிறது. அதைக் கோட்பாடாக்கும் பணி இன்னும் முடியவில்லை.

அரசே குற்றம் செய்யும்போது அதை எந்தச் சொல்லால், எந்த அளவுகோலால் ஆராய்வது என்பது இரண்டாவது விவாதம். சட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் சட்டம் இயற்றும் கை தப்பிவிடும். கேட்டை அளவுகோலாகக் கொண்டால் துறையின் எல்லை கரைந்துவிடும். மூன்றாவது, பயன் பற்றியது. எத்தனை நாடுகள் கையெழுத்திட்டன, எத்தனை வழக்குகள் பதிவாயின, எவ்வளவு சரக்கு பிடிபட்டது என்பவை கட்டுப்பாட்டின் உழைப்பை அளக்கின்றன, விளைவை அளப்பதில்லை. தடை இல்லாதிருந்தால் கேடு எவ்வளவு இருந்திருக்கும், தடையால் எவ்வளவு கேடு புதிதாகச் சேர்ந்தது என்று இரண்டையும் ஒரே கணக்கில் நிறுத்தும் ஆய்வுகள் மிகக் குறைவு. அந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொடுப்பதே உலகக் குற்றத்தையும் அதன் கட்டுப்பாட்டையும் ஒரே படிப்பாக வைத்திருப்பதற்கான நியாயம்.